தேவயானி கேட்ட நாற்பத்தொரு துடிப்புகள்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் புத்தூர் சுற்றுவட்டாரத்தில் கருகிப்போன மோட்டாருக்குக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பதில் ஆதிகேசவனை மிஞ்ச ஆள் இல்லை. கடை, எட்டு ஏக்கர் மாந்தோப்பு, போர்வெல் எல்லாம் இந்தக் கையால் வந்தவை. பெருமையாகத்தான் சொல்கிறேன். என் தம்பி மகள் தேவயானியைப் பற்றி எழுதும்போது என் பங்கையும் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. திருப்பதியில் ஆறு வருடமாக ஆராய்ச்சி. கரும்பொருள் என்று ஒன்றாம். உலகத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிட அதுதான் அதிகமாம், நம் உடம்புக்குள்ளேயே நுழைந்து போகிறதாம், பிடிக்கத்தான் முடியவில்லையாம்.

"இல்லாத சரக்கைத் தேடறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டேன்.

"இருக்குது பெரிப்பா. காட்டிக்க மாட்டேங்குது. உங்க மாப்பிள்ளை மாதிரி" என்றாள். என் மருமகன் விருந்துக்கு வந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் கண்ணில் படுவான்.

டவுனில் எங்கு பார்த்தாலும் மின்சார இரைச்சல் என்று அவள் அலுத்துக்கொண்டபோது, தோப்புக் கொட்டகையை நான்தான் கொடுத்தேன். குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, செப்புத்தகடு புதைத்து, மின்சார இரைச்சல் மண்ணுக்குள் இறங்கிப்போக எர்த் கட்டியதும் நான்தான். தாமிர உருளை ஒன்றை அங்கே வைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அது கேட்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கோடாக வரையும். ரயில், இடி, செல்போன் டவர் என்று தெரிந்த சத்தங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தில் அந்தக் கரும்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மோட்டார் போடும்போதெல்லாம் கொட்டகையில் தொங்கும் நோட்டில் நேரம் எழுத வேண்டும். அந்த நிமிடங்களை அவள் கழித்துவிடுவாள்.

பதினான்கு மாதம் போயிற்று. வாரம் தவறாமல் பஸ்ஸில் வருவாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. டிபன் பாக்ஸை அப்படியே திரும்ப எடுத்துப்போவாள். போன வெள்ளிக்கிழமை மதியம் வந்தவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் கழிச்சும் நாப்பத்தொண்ணு நிக்குது பெரிப்பா. குட்டிக் குட்டித் துடிப்பு. எங்க கைடு விஜயராகவன் சார் திங்கக்கிழமை கட்டுரைய அனுப்பிடலாம்ன்றாரு. எனக்குத்தான் பயமா இருக்குது. இது நெஜமா இருந்தா ஆறு வருசம் வீண் இல்ல. தப்பா இருந்தா ஊரு உலகமே சிரிக்கும்."

"என் எர்த் இருக்கற எடத்துல தப்பு வருமா?" என்றேன்.

மாங்கன்றுகள் வாடிக் கிடந்தன. பேசிக்கொண்டே போனை எடுத்து ஒரு நம்பருக்கு அடித்தேன். எங்கள் ஊரிலேயே முதலில் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியவன் நான். போன் அடித்தால் மோட்டார் தானாக ஓடும். போர்வெல் பக்கம் உறுமல் கேட்டது. அதே நொடியில் திரையில் கோடு துள்ளியது.

தேவயானி எழுந்து நின்றாள். "இப்ப இன்னா பண்ணீங்க?"

"மோட்டார் போட்டேன்."

"இங்கருந்தேவா?"

"இங்கருந்து, புத்தூர்லருந்து, கல்யாண வீட்லருந்து, எங்கருந்து வேணா போடலாம்."

"அந்த நேரம் நோட்டுல ஏறுதா?"

காவல்காரன் வெங்கட் கையால் போடும் நாட்களில் அவன் சரியாக எழுதினான். நான் ஊரிலிருந்து போட்ட நாட்களுக்கு யார் எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு வரும்போது அந்த வாரத்துக்கும் சேர்த்து ஒரே பேனாவில் 'காலை எட்டு' என்று வரிசையாகப் போட்டுவிடுவேன். ஆபீஸ் ரிஜிஸ்தரில் எல்லோரும் செய்வதுதானே. அதையே அவளிடம் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "மோட்டார் ஓடுனா போனுக்கு மெசேஜ் வருமா?" என்று மட்டும் கேட்டாள். வரும். ஒன்றையும் நான் அழித்ததில்லை, அழிக்கத் தெரியாது.

போனை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துடிப்பின் தேதியையும் சொல்வாள், மெசேஜில் தேடுவாள், பேப்பரில் ஒரு கோடு அடிப்பாள். இருபது வரை நானும் எண்ணினேன். முப்பதில் அவள் குரல் இறங்கியது. ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது பொருந்தாமல் தப்பட்டும் என்று திருத்தணி முருகனை வேண்டிக்கொண்டேன். நாற்பத்தொன்றும் பொருந்தின. நான் கட்டிய எர்த் குழி போர்வெல் இரும்புக் குழாயை ஒட்டி இருந்ததை அதன்பிறகுதான் போய்ப் பார்த்தாள். மோட்டார் இரைச்சல் அந்த வழியாகத்தான் உருளைக்கு ஏறியிருக்கிறது.

திரும்பி வந்து அவளுடைய சாருக்குப் போன் போட்டாள். தெலுங்கில் பேசினாள். "ஏமீ லேது சார். அந்தா மோட்டாரே." ஒன்றுமில்லை, எல்லாம் மோட்டார்தான் என்று அர்த்தம். அவர் ஏதோ சொன்னார். "சரே சார்" என்று வைத்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் கெடைக்கலன்னு எழுதச் சொன்னாரு. இவ்ளோ தூரம் கேட்டோம், கேக்கல. அதுவும் ஒரு பதில்தானாம்."

"அதுக்குப் பட்டம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. இன்னும் ஒரு வருசம் கேட்டுட்டு."

எழுபது வயதில் எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்னவன் நான். அன்று எழுந்து மோட்டாரை நிறுத்தப் போனேன்.

"இருங்க, ஓடட்டும்" என்றாள். குழாயடிக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றி, கொட்டுகிற தண்ணீரில் முகத்தைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு ஈரத்தோடு வந்து, "எர்த்துக்கு வேற குழி எங்க தோண்டலாம் பெரிப்பா?" என்றாள்.