பெயர் சொல்லாத சாட்சி

1965-ஆம் வருடம், ஐப்பசி மாதம். செஞ்சி கோர்ட்டில் நடந்தது இது. சென்னையில் சட்டம் படித்து முடித்து நான் ஊர் திரும்பி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்போது செஞ்சியில் கறுப்பு கோட்டு போட்ட பெண் நான் ஒருத்திதான். பஜாருக்கு வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் கோர்ட் வாசலில் எட்டிப் பார்த்து, "அதோ, அந்தம்மாதான்" என்று ஒருவருக்கொருவர் காட்டிவிட்டுப் போவார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். நல்ல மனிதர், ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. புருஷன் பெண்டாட்டி வழக்கு எது வந்தாலும் என் மேஜைக்கு அனுப்புவார். வந்த பெண்ணிடம் பேசி, விவரம் எழுதி, மனு தயாரிப்பது என் வேலை. கோர்ட்டில் எழுந்து நின்று பேசுவது அவர் வேலை. "அழுகையை நீ கேளும்மா, ஆர்க்யுமென்ட்டை நான் பாத்துக்கறேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

என் பழக்கம் எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதுவது. ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் நடந்த விஷயங்கள், வலது பக்கம் அதற்கு என்ன சாட்சி. சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கடைசிப் பக்கத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று. படிக்கும்போதே வந்த பழக்கம். இப்படி எழுதிவிட்டால் எதுவும் விட்டுப்போகாது என்று நம்பியிருந்தேன்.

அந்த வருடம் தொண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, கூட அவளுடைய அண்ணன். கோயிலில் தாலி கட்டி ஐந்து வருடம் குடித்தனம் நடத்திய கணவன் அவளை அடித்துத் துரத்திவிட்டு, தை மாதம் வேறு இடத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தான். ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டோம். அதற்கு அவன் தரப்பு ஒரு பதில் மனுப் போட்டது. கல்யாணமே நடக்கவில்லையாம். தன் நிலத்தில் மல்லாட்டை பிடுங்க வந்த கூலிக்காரியாம், பம்ப்செட் கொட்டகையில் தங்கியிருந்தாளாம், குழந்தை யாருடையது என்று தனக்குத் தெரியாதாம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

அவர்களிடம் போட்டோ இல்லை, பத்திரிகை இல்லை. தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி இறந்துவிட்டார். அண்ணனின் சாட்சி ஒன்றுதான் இருந்தது. சொந்த அண்ணன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவார்கள்?

பதில் மனுவை நான் படித்துச் சொன்னதும் அவள் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, "காசு கூட வாணாம்மா. நான் அவரு பொண்டாட்டின்னு கோர்ட்ல எழுதிக் குடுத்தாப் போதும்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். அப்படி எழுதிவிட்டால் அவனால் சட்டப்படி இன்னொரு கல்யாணம் செய்ய முடியாது. குழந்தைக்கும் தகப்பன் உண்டு என்று ஆகிவிடும்.

அவளை விசாரிக்கும் வேலையை சீனியர் முதல்முறையாக எனக்குக் கொடுத்தார். நம் தரப்பு சாட்சி, சுலபமான வேலை, கெடுக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார். நான் இருபத்தாறு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன்.

அவள் கூண்டில் ஏறினாள். அவள் பெயரைக் கேட்டேன், சொன்னாள். ஊரைக் கேட்டேன், சொன்னாள். மூன்றாவது கேள்வி, கணவர் பெயர் என்ன?

பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடியும் கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கோர்ட்டில் அதற்கு ஒரு வழியும் உண்டு. குமாஸ்தா பெயரைப் படிப்பார், அந்தப் பெண் தலையை ஆட்டுவாள், எழுதிக்கொள்வார்கள். அப்படித்தான் செய்யப் போனார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். கல்யாணமே இல்லை என்று தாங்கள் சொல்லும்போது பெயரை யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, சாட்சியே சொல்லட்டும் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் உட்காரும்போது என்னைப் பார்த்து, "புருசன் பேரு தெரியாத பொண்டாட்டிய இன்னிக்குத்தான் பாக்கறேன் தங்கச்சி" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் நான் நிதானம் தவறினேன். கூண்டின் அருகே போய், இது கோர்ட், இங்கே வெட்கமெல்லாம் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம், உனக்காகத்தானே இத்தனை பேர் நிற்கிறோம் என்று அவளை அதட்டினேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே அதட்டினேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சி பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தகுந்தபடி முடிவெடுக்க நேரிடும் என்று சொல்லி எழுந்தார்.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குழந்தையோடு டீ வாங்கப் போயிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை அவளிடம் நான் தனியாகப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆபீசில் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொன்னான். கணவன் பெயரையும் அவன்தான் சொன்னான். நான் எழுதிக்கொண்டு அடுத்த நம்பருக்குப் போயிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்த முறை கோபமில்லாமல் கேட்டேன்.

"சொல்றது பெரிய வேலையாம்மா?" என்றாள். "நான் கூலிக்கு வந்தவன்னுதான அவங்க சொல்றாங்க. கூலிக்கு வர்றவ பேரச் சொல்லுவா. நானும் அங்க நின்னுகினு அவரு பேரச் சொல்லிட்டா, அவங்க சொன்னத நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடாதா?"

நான் வெட்கம் என்று நினைத்ததை அவள் தன் வழக்காக நடத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவளே, "கூலிக்காரிங்க பேரு பூரா அவருக்கு மனப்பாடம். என்ன மட்டும் ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. 'இந்தா'ன்னுவாரு, அவ்ளோதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் நான் மூன்றாவது கேள்வியை அடித்துவிட்டு வேறு கேட்டேன். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? "பாப்பா நைனாம்பேன்." ஏன் பெயர் சொல்வதில்லை? "கட்டிக்கினவ எப்டிம்மா சொல்லுவா?" மாஜிஸ்திரேட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. இதெல்லாம் சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்கக் கூடியது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெயர் சொல்லாததை மட்டும் வைத்துக் கல்யாணம் நடந்ததென்று எந்தக் கோர்ட்டும் எழுதாது.

அடுத்த வாய்தா பதினைந்து நாள் கழித்து. கணவன் கூண்டில் ஏறுவான், அவனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். குறுக்கு விசாரணை எப்போதும் சீனியருடையது. நான் செய்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரு கேள்வி தப்பாப் போனா அந்தப் பொண்ணோட கதை முடிஞ்சிரும்மா. உனக்கு இன்னொரு கேஸ் வரும், அதுக்கு வராது" என்றார். தெரியும் சார், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். என் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீனியருக்கு நில விவகாரம் தெரியும், சட்டம் தெரியும். ஆனால் அந்தப் பெண் வேப்பமரத்தடியில் சொன்னது என்னிடம் சொன்னது. அவர் கட்சிக்காரர்களையே கேட்கச் சொன்னார்.

அண்ணன் தயங்காமல், ஐயாவே கேட்கட்டும் என்றான். அவள் அவனைத் தடுத்தாள்.

"இந்தம்மாவே கேக்கட்டும். அன்னிக்கு என்னப் போட்டு அதட்டுனாங்க இல்ல, அதே மாதிரி அவரையும் ஒருவாட்டி அதட்டட்டும்."

சீனியர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் வழக்கு என் கைக்கு வந்தது.

ஆனால் அன்று நான் அதட்டவில்லை. வெள்ளைச் சட்டையில் வந்து நின்ற அந்த மனிதனிடம் மரியாதையாகவே பேசினேன். எத்தனை ஏக்கர், என்ன பயிர், மல்லாட்டை பிடுங்க எத்தனை பேர் வருவார்கள். அவனுக்கும் இந்தப் பேச்சு பிடித்திருந்தது. வருஷா வருஷம் ஒரே ஆட்கள்தான், தன் நிலம் என்றால் ஓடி வருவார்கள் என்றான். பெயரெல்லாம் ஞாபகம் இருக்குமா என்றேன்.

"ஏன் இல்லாம? பச்சையம்மா, அவ மருமவ ஒருத்தி, காசியம்மா, காது கேக்காத அஞ்சல, ஏரிக்கர முனியம்மா, சின்னப்பொண்ணு, குப்பு, அவ தங்கச்சி..."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்றார். மாஜிஸ்திரேட் கையால் உட்காரச் சொன்னார். நான் ஒவ்வொரு பெயரையும் நம்பர் போட்டு எழுதினேன். பதினொன்று. சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஐந்து வருடமாக வந்தவர்கள் இவ்வளவு பேர்தானா, யாரையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஒருத்திய உடல" என்றான்.

நான் கையைக் காட்டினேன். "அப்ப இவங்க?"

அவன் அவளைப் பார்த்தான். யோசிக்கவே இல்லை. அப்படி ஒரு கேள்வி கேட்டதே தப்பு என்பது போலச் சொன்னான்.

"அது எங்க மல்லாட்ட புடுங்க வந்துது? அது வூட்டோட இருக்கும். கழனிக்குக் கஞ்சி கொண்டாந்து வெச்சிட்டுப் பூடும்."

மாஜிஸ்திரேட்டின் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. என்ன சொன்னோம் என்பது அவனுக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. தன் வக்கீலைப் பார்த்தான். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நோட்டில் இன்னும் பதினான்கு கேள்விகள் பாக்கி இருந்தன. அத்தனையும் நன்றாக யோசித்து எழுதியவை. ஒன்றைக்கூடக் கேட்காமல் உட்கார்ந்தேன். இன்றுவரை நான் கோர்ட்டில் செய்ததில் கஷ்டமான காரியம் அதுதான்.

கார்த்திகைக் கடைசியில் உத்தரவு வந்தது. அவள் சட்டப்படி மனைவி என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். தை மாதக் கல்யாணத்துக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் அதைக் கேள்விப்பட்டு விலகிக்கொண்டார்கள். அவள் திரும்பிப் போய் அவனோடு வாழவில்லை. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குழந்தையோடு தனியாக இருந்தாள். உத்தரவின் நகலை வாங்க ஒரு நாள் ஆபீசுக்கு வந்தாள். அது இங்கிலீஷில் இருந்தது, அவளுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. பொண்டாட்டி என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அந்த வார்த்தைக்கு அடியில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தமாக ஒரு கோடு போட்டு, தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த மாதமே சீனியர் குடும்ப வழக்குகளை முழுவதுமாக என்னிடம் விட்டுவிட்டார், வாதம் உட்பட. இப்போது எனக்குக் கீழே ஒரு பெண் ஜூனியராக இருக்கிறாள். கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மட்டும் முதலில் பேசு என்பதுதான் அவளுக்கு நான் வைத்த முதல் சட்டம். அதற்கு நேரமாகிறது என்று அவள் சில நாள் முணுமுணுக்கிறாள். ஆகட்டும். தொண்டூர்ப் பக்கத்துப் பெண்ணை அத்தனை பேர் முன்னால் அழ வைத்தேனே, அதற்காக நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவளும் சிரித்து மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. பேசாமல் நிற்கிற ஒரு பெண்ணிடம் பதில் இல்லை என்று அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.