மாமரத்தில் ஏறிய மணி பிளாண்ட்

பக்கத்து வீட்டு சாரின் மணி பிளாண்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்து அழகு பார்க்கிற செடிதானே என்பார்கள். மண்ணில் ஊன்றி ஒரு மரத்தைக் காட்டிவிட்டால் தெரியும் அதன் லட்சணம். சார் தன் பக்கத்தில் நட்டது, காம்பவுண்ட் சுவரைத் தாண்டி எங்கள் மாமரத்தில் ஏறி, இரண்டே மழைக்காலத்தில் பாதி மரத்தை மூடிவிட்டது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். மூடிய கிளைகளில் அந்த வருஷம் ஒரு பூ இல்லை.

சேலையூரில் நாங்கள் வீடு கட்டிய புதிதில், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்த மரம் அது. மே மாதத்தில் அந்த நிழல் இல்லையென்றால் எங்கள் படுக்கையறையில் மனுஷர் படுக்க முடியாது. அதனால் சாரிடம் போய் நல்லவிதமாகத்தான் கேட்டேன். பேங்கில் ரிட்டையர் ஆனவர், படித்தவர், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"மேடம், அது மணி பிளாண்ட் மேடம். அது வந்தப்புறம்தான் பையனுக்குக் கனடா கிடைச்சுது. வெட்டினா ஆகாது," என்றார்.

"அப்போ உங்க வீட்டு மேலயே ஏத்திக்குங்க சார். என் மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பொங்கல் போகட்டும். நல்ல நாள் பார்த்து நானே திருப்பி விடுறேன்."

பொங்கல் போனது. மாசியும் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து கேட்டைத் திறக்கிறேன், சார் தன் மாடியிலிருந்து எட்டி, கொடியை என் மரக்கிளையோடு நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டிருக்கிறார்!

"காத்துல விழுந்துடப் போகுது மேடம்," என்று சிரிக்க வேறு செய்தார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. புடவையைக்கூட மாற்றவில்லை. தேங்காய் வெட்டுகிற அரிவாளை எடுத்துவந்து, "வேணாம் மேடம், வேணாம் மேடம்" என்று சார் மேலிருந்து கத்தக் கத்த, அடிமரத்தில் ஒட்டியிருந்த தண்டையெல்லாம் வெட்டினேன். ஒரு பக்கமா இருந்தது சனியன்? சுற்றிச் சுற்றி வந்து வெட்டினேன். பட்டைக்குள் பிடித்திருந்த வேரை விடாமல் செதுக்கினேன். அன்று மதியச் சாப்பாடு அவ்வளவு ருசித்தது.

சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடப் போன என் கணவர் கூப்பிட்டார். "ஏம்மா, கொடியை வெட்டினியா, மரத்தை வெட்டினியா?"

போய்ப் பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையே இல்லை. பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் இலை செய்கிற உணவு வேருக்கு இறங்காது, மரம் பட்டினி கிடந்து சாகும். இதை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் போர்டில் படம் போட்டு நடத்தியவள் நான். பாட்டனி டீச்சராம், பாட்டனி டீச்சர்! களிமண்ணும் சாணியும் குழைத்து அப்பினேன். கோணி சுற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஆடிக் காற்றில் இலையெல்லாம் கொட்டியது. சார் தன் மாடிப் பக்கமிருந்து இழுத்துக் கட்டிவிட்ட, என் அரிவாளுக்கு எட்டாத கொடி மட்டும் மொட்டைக் கிளையில் பச்சைப் பசேலென்று தொங்கியது.

மரம் அறுக்க ஆட்கள் வந்த அன்று சார் சுவரோரம் வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேனே மேடம். மணி பிளாண்ட்ல கை வெச்சா ஆகாதுன்னு. பாத்தீங்களா?"

"செடியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சார்! நான்தான் கொன்னேன். பட்டையைச் சுத்தி வெட்டினேன், செத்துப்போச்சு. என் புத்தி கெட்டுப்போச்சு!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

சார் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இவ்வளவு படிச்சவங்க நீங்க. அந்த நேரத்துல உங்க புத்தியைக் கெடுத்தது எது மேடம்?"

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.