வாழாவெட்டி கிணறு

எங்கள் தாத்தாவின் தாத்தா கையில் வாள் பிடித்தவரே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனைக்குட்டத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் இப்போது நிற்கிற கல்லில் அவர் வாளோடுதான் இருக்கிறார். முறுக்கு மீசை, கடுக்கன், தலைப்பாகை எல்லாம் உண்டு. அந்த வாள் என் பெரியப்பா மகனுடைய ஆசை. போனால் போகிறது என்று நான் விட்டுக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

பெரியப்பா மகன் எனக்கு அண்ணன் முறை. பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். நான் சிவகாசியில் அப்பா விட்டுப்போன அச்சாபீஸை நடத்துகிறேன். போன ஐப்பசியில், காலண்டர் சீசனின் உச்சத்தில், மூச்சுவிட நேரமில்லாமல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பெரியவர் பேரில் எங்கள் காட்டுக் கிணற்றடியில் கல் வைக்கப்போகிறார்களாம். அவருடைய சரித்திரத்தை நான்தான் எழுதவேண்டுமாம்.

"ஒனக்குத்தான் எழுத்து வரும். வாழ வெட்டிய வள்ளல்னு தலைப்பு போட்டுரு. கையில வாள் இருக்கட்டும்."

"வாள் எதுக்குண்ணே?"

"கெத்தா இருக்கும்லா."

கிளம்பும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார். கல் திறப்புக்குச் சம்பந்தகாரர்களும் வருகிறார்கள். திறப்பு முடிந்ததும் மகளை அப்படியே அவர்களோடு அனுப்பிவிடப் போகிறார்.

அவர் மகள் ஆவணியில் திரும்பி வந்திருந்தாள். மாப்பிள்ளை அடிக்கிறான். கழுத்துக்குக் கீழே ஒரு தழும்பை எனக்குக் காட்டினாள், அவள் அப்பாவுக்கும் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போத்தா" என்று சொல்லி மாடி அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். விருந்தாளி வந்தால் கீழே வரக்கூடாது. கேட்டால் உடம்பு சரியில்லை. நன்றாகப் படித்து, வேலை பார்த்த பிள்ளை, மூன்று மாதமாக மாடியில் துணி காயப்போடக்கூடத் தலையை மறைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அந்த அறை தெரியும். இருபத்திரண்டு வயதில் நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். என் கதை வேறு, அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே அப்பா, "அச்சாபீஸுக்கு வாத்தா, ப்ரூஃப் பாக்க ஆளில்ல" என்று கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார். அன்று உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கிணற்றின் பேரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து நாக்கில் 'ழ' நிற்காது, வழுக்கி 'ள' ஆகிவிடும். சிறுவயதில் எல்லோரும் அதை 'வாளாவெட்டி கெணறு' என்றுதான் சொல்வார்கள். யாரோ யாரையோ வாளால் வெட்டிப்போட்ட கிணறு என்று நினைத்துக்கொண்டு நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தலையில்லாத ஓர் ஆள் உள்ளே படுத்திருக்கிறான் என்று அண்ணன் வேறு பயங்காட்டி வைத்திருந்தார். அவரும் அதை நம்பினாரோ என்னவோ, அந்த வாள் அவர் மனசைவிட்டு இன்றுவரை போகவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு ஒருநாள், பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப்புறம் பேசியது காதில் விழுந்தது. "நல்லா வாழ வேண்டிய பிள்ள, வாளாவெட்டியா வந்து உக்காந்துட்டா." அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை விளங்கியது. புருஷனோடு வாழாமல் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு ஊர் வைத்திருக்கிற பெயர். அப்படியானால் கிணற்றின் பெயர்? அப்பாவிடம் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "அது வாழ வெட்டிய கெணறுத்தா. சனங்க வாழட்டும்னு பெரியவுக வெட்டுனது. வாயில வந்து வந்து செதைஞ்சு போச்சு." அடுத்த வருஷக் காலண்டரிலேயே கிணற்றுப் படம் போட்டு, 'வாழ வெட்டிய கிணறு' என்று பெரிதாக அச்சடித்தார். நானே ப்ரூஃப் பார்த்தேன்.

பிறகு யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் எங்கள் ஆட்கள் வாயில் அதே கதைதான். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், விருதுநகர்ச் சந்தைக்கு வரிசைகட்டிப் போகும் பருத்தி வண்டிகள், தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கே தண்ணீர் கொடுத்த கிணறு. பெரியவருடைய பேரன் காலத்தில் மழை ஏமாற்றி, ஏரைத் தூக்கி வைத்துவிட்டுத் தீப்பெட்டித் தொழிலுக்கு வந்தோம். அதற்கப்புறம் பட்டாசு, அச்சு என்று ஆளுக்கொரு பக்கம். நிலமெல்லாம் கைமாறிப் போய், மிஞ்சியது கிணறும் அதைச் சுற்றி ஒரு துண்டுக் காடும். அதை அப்பா என் பேருக்கு எழுதிவைத்தார். எனக்கு எதற்கு இந்தக் கரிசல் என்று அப்போது சலித்துக்கொண்டேன்.

சரி, எழுதத்தானே சொன்னார், காட்டைப் பார்க்காமல் எழுத முடியாது என்று சொல்லி, அண்ணன் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு மருமகள் முறை. "ஃபோட்டோ எடுக்க ஆள் வேணும்ணே" என்றேன். அவரால் மறுக்க முடியவில்லை.

அன்று காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்து வேலை இல்லை. கிணற்றடி வேம்புக்குக் கீழே ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னோர் எங்கள் காட்டில் கூலிவேலை செய்தவர்கள். இவர்களெல்லாம் இப்போது பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். கிணற்று மேட்டில் ஒரு பழைய மண்வெட்டி நட்டுவைத்திருந்தது. அதன் காம்பு முழுக்கக் கண்ணாடி வளையல்.

"இது என்னக்கா, மம்பட்டிக்கு வளையல்?" என்று என் மருமகள் கேட்டாள்.

"ஆத்தாளுக்கும்மா. வருசா வருசம் பொங்கலுக்கு மறுநா போட்டுவிடுவோம்."

"எந்த ஆத்தா?"

அந்தப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "என்னம்மா இப்படிக் கேக்குறீக? ஒங்க வீட்டு ஆத்தாதான! வாளாவெட்டி ஆத்தா."

ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார்கள். ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடித்தாள். பெரியவருடைய மகளைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அடித்து முதுகெல்லாம் வரிவரியாகத் தடித்து, திரும்பி வருகிற பருத்தி வண்டியில் ஏறி வந்துவிட்டாள். பின்னாலேயே தாம்பாளம், வெற்றிலை பாக்கு என்று கூட்டிப்போக வந்தார்கள். பெரியவர் சாப்பாடு போட்டுவிட்டு, "எம்மக காடு பாக்கா. நீங்க போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாராம். மகளும் சும்மா இருக்கவில்லை, நிலத்து வேலையை எடுத்துப் பார்த்தாள். மேற்குக் காட்டைக் கேட்டு வாங்கி, ஆட்களோடு ஆளாக இறங்கி இந்தக் கிணற்றை வெட்டியிருக்கிறாள்.

"வெட்டயில கை வளையலெல்லாம் ஒடைஞ்சு கெணத்துக்குள்ள விழுந்துச்சாம். எங்க பொம்பளைக 'தாலிதான் போச்சு, வளையலாச்சும் கெடக்கட்டும் தாயி'ன்னு வாங்கிப் போட்டுவிட்டாகளாம். அதான் இன்னைக்கும் போடுறோம். பஞ்சத்துல இந்தத் தண்ணி இல்லன்னா எங்க வம்சமே இல்லையே!"

"பெரியவுக நல்லவுகதான்," என்றாள் ஓரத்தில் இருந்தவள், "கூலி அளக்குற மரக்கா மட்டும் கொஞ்சம் சின்னது." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, நானும் சிரித்துவிட்டேன்.

என் மருமகள் ஃபோட்டோ எடுக்கவே இல்லை. கிணற்றுச் சுவரில் கைவைத்துக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரில் ஏறியதும், "அத்தை, நானும் காடு பாக்கவா?" என்று கேட்டாள். சிரிப்பாகத்தான் கேட்டாள், பாதியிலேயே அழுதுவிட்டாள். இவளை அனுப்ப விடமாட்டேன் என்று அந்தக் காரிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கல்லில் 'வாழாவெட்டி கிணறு' என்றுதான் வெட்டவேண்டும், வெட்டியது பெரியவர் அல்ல, அவர் மகள் என்றேன். அண்ணன் குதித்தார்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? சம்பந்தகாரங்க வர்ற எடத்துல, வீட்டுல ஒருத்தி இப்படி இருக்கயில, அந்த வார்த்தைய எவனாச்சும் கல்லுல வெட்டுவானா?"

"வாள் புடிச்ச ஆம்பளைன்னா மம்பட்டிக்கு எதுக்குண்ணே வளையல்?"

"எனக்குத் தெரியாதாக்கும்! வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. பேர மாத்துனதே ஒனக்காகத்தான்! நீ வந்து நின்னப்ப, 'எம்மக காதுல அந்த வார்த்தை விழக்கூடாது'ன்னு சித்தப்பா வீடு வீடாப் போயிக் கையப் புடிச்சுக் கேட்டாக. எங்கப்பா சத்தியமே பண்ணுனாக. கெணத்த எதுக்கு ஒம்பேருல எழுதுனாகன்னு நெனச்ச? கரிசல் வெளையும்னா?"

அச்சாபீஸுக்குத் திரும்பி வந்து மெஷின் ரூமில் நின்று அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. என் அப்பா, யாரிடமும் ஒரு உதவி கேட்காத மனுஷர், எனக்காக வீட்டுக்கு வீடு போய் ஒரு வார்த்தையைக் கெஞ்சி வாங்கியிருக்கிறார். எம்புட்டுப் பாசம் இருந்திருக்க வேண்டும்! அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தால் அவர் மனசு நோகுமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்பா எனக்காக மூடினார், சரி. ஆனால் மூடியதில் அந்த ஆத்தாளே இல்லாமல் போய்விட்டாளே! அவளைத் தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன அன்று நான் அப்படிச் சுருண்டு படுத்திருக்கமாட்டேன். மாடியில் இருக்கிற பிள்ளைக்கும் இப்போது அவள்தான் வேண்டும். அப்பா இருந்தால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நான் செய்வேன்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "கெணறு இருக்குற துண்டு எம்பேருல இருக்கு. நான் எழுதுறதத்தான் வெட்டணும். இல்லன்னா ஒங்க கம்பெனி வாசல்ல கல்ல வச்சுக்கோங்க." "வாள் இருக்கணும்" என்றார் அண்ணன். "இருந்துட்டுப் போகுது" என்றேன். "என்னத்தையும் எழுதித் தொல" என்று வைத்துவிட்டார். கோபத்தில், நான் எழுதியதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. பெயர் ஒன்றைத்தான் மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

பொங்கலுக்கு மறுநாள் காட்டில் பந்தல், மைக் செட், எல்லாம் தடபுடல். சம்பந்தகாரர்கள் பெரிய காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தான், செல்லைப் பார்த்துக்கொண்டு. என் மருமகளின் பெட்டியை அவர்கள் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அவள் அம்மா, என் மதினி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தனியாக நின்றாள். மருமகள் பட்டுச்சேலையில் என் பக்கத்தில் நின்றாள். என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

அண்ணன் துணியை விலக்கினார். வம்சப் பெருமை என்றால் அவருக்கு உயிர். மைக்கைப் பிடித்து ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஊர், காடு, பருத்தி எல்லாம் கம்பீரமாக வந்தது. 'பெரியவர் மகள் வெட்டிய வாழாவெட்டி கிணறு' என்ற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு வேகமாகத் தாண்டினார். முன்வரிசையில் சம்பந்தி முகம் சுளித்தார். அண்ணன் அடுத்த வரிக்கு வந்தார்.

"புருஷன் வீட்டில் அடிபட்டு வந்த மகளை..."

நிறுத்தினார். மைக்கில் அவர் மூச்சுமட்டும் கேட்டது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "படிங்கய்யா" என்றாள். அண்ணன் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"அடிபட்டு வந்த மகளைத் திருப்பி அனுப்பாதவர். அவர் வம்சம் நாங்கள்."

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. சம்பந்தி எழுந்து, "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சுங்க? பிள்ளைய வரச் சொல்லுங்க, நேரமாகுது" என்றார்.

அண்ணன் மைக்கை வைக்க மறந்துவிட்டார். அதனால் அவர் சொன்னது காடு முழுக்கக் கேட்டது.

"சாப்பிட்டுட்டுப் போங்க. எம்மக காடு பாக்கா."

மருமகள் என் கையை உதறிக்கொண்டு அந்தக் காரை நோக்கி ஓடினாள். ஒரு நொடி எனக்கு உயிரே போய்விட்டது. அவள் டிக்கியைத் திறந்து, தன் பெட்டியைத் தானே இறக்கினாள்.