ரயிலடி மேட்டில் முனிரத்தினம்

தருமபுரியில் மளிகைக்கடை வைத்திருந்த முனிரத்தினத்தைப் போல இரக்கமுள்ளவர் கிடையாது என்று ஊரே புகழும். எறும்புக்கு நொய் போடாமல் அவர் கடை திறந்ததில்லை. எனக்கோ அவரைக் கண்டாலே குமட்டும்.

மஸ்தான் ஜட்கா ஓட்டிய காலத்தில் அவர் அதில்தான் ரயிலடிக்குப் போவார். மேடு வந்ததும், குதிரைக்குப் பாரமாயிற்றே என்று இறங்கி, அதன் முதுகைத் தடவிக்கொண்டே நடப்பார். ஒருநாள் குதிரை செத்தது. மஸ்தான் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவை வாடகைக்கு எடுத்தான். முனிரத்தினம் அதிலும் ஏறினார்.

அதே மேடு வந்தது. பெடலை மிதிக்க முடியாமல் மஸ்தான் கீழே இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை இழுத்தான். முனிரத்தினம் தொப்பையும் வெல்ல மூட்டையுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"குதிரைக்கு மட்டும் எறங்குனீங்களே, மொதலாளி?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் மஸ்தான்.

"அது வாயில்லா ஜீவன்டா. வலிச்சாக்கூடச் சொல்லத் தெரியாது."

"நான் சொல்றனுங்க. வலிக்குது."

முனிரத்தினம் குடையை விரித்துக்கொண்டார்.

"ரயிலுக்கு இன்னும் நேரமிருக்குது. மெதுவாவே இழு," என்றார் அந்தப் புண்ணியவான்.