ஆவணியில் இருபத்து மூன்று நாள்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று வருஷக்கணக்காக எழுதி வைத்துக்கொண்டு வந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் போகும் பாதையில். காவிரியில் தண்ணீர் வந்தால் சில நாளில் கிணறு ஏறும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். எத்தனை நாளில் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. அதற்காகத்தான் தொடங்கினேன். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயிறு, அதன் நுனியில் ஒரு இரும்பு போல்ட். காலை ஐந்தே முக்காலுக்கு அதை இறக்கி, சுவர் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை முடிச்சுகளை எண்ணி, மிச்ச அங்குலத்தை ஸ்கேலில் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

தினசரி காலண்டர் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. வருஷம் முழுவதும் தேதியும் கிழமையும் திதியும் சரிபார்த்துச் சரிபார்த்து, வெறுமையாக விட்ட ஒரு கட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சார், போன வருஷம் எங்க மோட்டார் எரிஞ்சது என்ன கிழமை?" என்பார். சொல்லிவிடுவேன். "எங்கப்பாகிட்ட கேளுங்க, நீங்க எப்ப தும்முனீங்கன்னுகூட எழுதி வெச்சிருப்பாரு" என்று மகள் சிரிப்பாள்.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது அந்த வாய்ப்பு வந்தது. ஓர் ஆராய்ச்சி நிறுவனம் பள்ளி மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் அழைத்து வைத்துக்கொள்கிறது. சொந்தமாக ஒரு கேள்வி எடுத்து, தரவு சேர்த்து, கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். கல்லூரியில் இடம் கேட்கும்போது அது பெரிய பலம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் இணையத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது இவள் என் நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். ஆற்றில் தண்ணீர் வந்து எத்தனை நாளில் எங்கள் கிணறு ஏறுகிறது, கடும் வறட்சி வருஷத்தில் அது மாறுகிறதா என்பது அவள் எடுத்துக்கொண்ட கேள்வி.

எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. அச்சகத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, இதைப் பாருங்க. ஆடிப்பெருக்குக்கு ஆத்துல தண்ணியே இல்லாம படித்துறையில குழாய் வெச்சாங்களே, அந்த வருஷம். தண்ணி ஆவணியிலதான் வருது. நிலம் அவ்வளவு காஞ்சு கிடக்கு, கிணறு ஏற ரொம்ப நாள் ஆகும்னு நெனச்சேன். ஆகலை! அதே ஒன்பது நாள்!"

வரைபடத்தில் அந்தக் கோடு முந்தைய வருஷத்துக் கோட்டின் மேல் ஏறக்குறைய அப்படியே படிந்திருந்தது.

அந்த ஆவணியில் நான் ஊரில் இல்லை. சென்னையில் அண்ணனுக்கு இருதய அறுவை சிகிச்சை. இருபத்து மூன்று நாள் அங்கே இருந்தேன். போகும்போது கயிற்றை மனைவியிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். திரும்பி வந்ததும், "உங்க கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்லீங்க" என்றாள். நோட்டில் இருபத்து மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. அன்று மாலையே உட்கார்ந்து நிரப்பினேன். தண்ணீர் வந்த தேதியைச் செய்தித்தாளில் பார்த்து எழுதினேன். அதிலிருந்து முந்தைய வருஷம் போலவே ஒன்பது நாள் தள்ளிக் கிணற்றை ஏற்றினேன். இயற்கையாக இருக்கட்டும் என்று அங்கங்கே இரண்டு அங்குலம் கூட்டிக் குறைத்தேன். பிறகு மறந்துபோனேன். நான் ஊகித்து எழுதியதைத்தான் அவள் இப்போது கண்டுபிடித்திருந்தாள்.

"அந்த வருஷத்தை விட்டுடேன்" என்றேன். "கயிறு மாத்தினேன்னு ஞாபகம். முடிச்சு சரியா இருந்திருக்காது."

"எந்தத் தேதி மாத்தினீங்க?"

"எழுதி வெச்சிருப்பேன்."

ஒரு மணி நேரம் தேடிவிட்டு வந்தாள். "எழுதலைப்பா. நீங்க எழுதலைன்னா மாத்தலைன்னு அர்த்தம். சும்மா பயமுறுத்தாதீங்க."

அந்தச் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியரைப் பார்க்கப் போனாள். நகரத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிப்பவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உக்காருங்க சார். இந்த மாதிரி தொடர்ச்சியான அளவு எங்களுக்கே கிடைக்காது. அதுவும் அந்த வறட்சி வருஷம், அதுதான் இந்தக் கட்டுரைக்கு முதுகெலும்பு. அது இல்லைன்னா இதுல புதுசா சொல்ல ஒண்ணுமில்ல." நோட்டைப் புரட்டினார். "ஒரு நாள்கூட விடலையா சார்?"

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். இணைக்கப்பட்ட அளவுகள் அனைத்தும் என்னால் நேரில் எடுக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டும். சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. கொண்டுவரவில்லை என்றேன்.

"பரவாயில்ல, வீட்டுல போட்டு அனுப்புங்க. வியாழக்கிழமை கடைசி நாள்."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் ஏதோ வண்டி நின்றுபோய் பஸ் நகரவில்லை. முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு லாரி, ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவள். இறங்கி நடக்கவும் வழியில்லை. ஆறு வாரத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "நேர்காணல்ல உங்களைப் பத்திக் கேட்பாங்களாம்ப்பா. எங்கப்பா காய்ச்சல்லகூட அளப்பாருன்னு சொல்லப் போறேன்." கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் அங்கே நின்றோம்.

வீட்டில் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் குளிக்கப் போனதும் மெதுவாகச் சொன்னேன். அவளுக்கு நான் முழுதும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தெரியும். படத்தைக் காட்டினப்பவே தெரியும். நீங்க எழுதினதை நான் அன்னைக்கே பார்த்தேனே."

"இப்ப என்ன செய்ய?"

"கையெழுத்தைப் போடுங்க. ஒரு கிணத்துத் தண்ணி. யாரு திரும்பிப் போயி அளக்கப் போறா? அவ மூஞ்சியப் பாருங்க, இப்படி இருந்து நாளாச்சு."

"பொய்யில்ல அது?"

"எழுதுறப்ப தெரியலையா?" தோசையைத் திருப்பிப் போட்டாள். "அவளுக்குச் சொல்லிக் கெடுக்காதீங்க. சொல்லாமயும் உங்களால தூங்க முடியாது. எனக்குத் தெரியாதா? என்னவோ பண்ணுங்க."

ஞாயிறு, திங்கள், செவ்வாய். அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. ஒவ்வொரு வேளையும், "அப்பா, போட்டுட்டீங்களா?" என்பாள். பேனா சரியில்லை என்றேன், நிதானமாகப் படித்துப் போடுகிறேன் என்றேன். போட்டால் அவள் பெயருக்குக் கீழே என் பொய் போகும். போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அச்சகத்தில் காலண்டரின் கார்த்திகை மாதத்தில் ஒரு தேதியை இரண்டு முறை வர விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் கண்டுபிடித்து, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

புதன்கிழமை காலை கிணற்றடியில் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது பல் தேய்த்தபடி அவள் வந்தாள். முடிச்சுகளை எண்ண ஆரம்பித்தவன் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கயிறு கையில் தொங்க, அப்படியே சொன்னேன். அண்ணன், சென்னை, காலியான கட்டங்கள், ஒன்பது நாள், எல்லாவற்றையும்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அழவில்லை. உள்ளே போய் நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தாள்.

"எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்?"

சொன்னேன். கட்டம் போட்டாள்.

"வேற?"

"வேற இல்லம்மா."

நோட்டிலிருந்து பென்சிலை எடுக்காமல் நின்றாள். "வேற?"

இன்னொரு வருஷம் மார்கழியில் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளைச் சொன்னேன். காய்ச்சலிலும் அளப்பேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது அந்த இரண்டு நாளை வைத்துத்தான். அதையும் குறித்துக்கொண்டாள்.

"பேராசிரியர் கேட்டப்ப என் முன்னாடிதானேப்பா இல்லைன்னீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று பள்ளிக்குப் போகவில்லை. அவரிடம் போனில் பேசும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வரை தட்டச்சுச் சத்தம் கேட்டது. வறட்சி வருஷத்தைப் பற்றிய பகுதி முழுவதும் போயிற்று. கட்டுரை பாதியாகச் சுருங்கியது. நான் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழித் தாளையும் அவளே மாற்றி அடித்திருந்தாள். அதில் புதிதாக ஒரு வரி இருந்தது: "குறிப்பிட்ட நாள்களில் அளவெடுத்தவர் ஊரில் இல்லை." சென்னையிலிருந்து திரும்பிய அன்று மாலை நான் நோட்டில் எழுதியிருக்க வேண்டிய வரி அது. கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை காலை அனுப்பினாள்.

அனுப்பிய ஏழாவது வாரம் பதில் வந்தது. தேர்வாகவில்லை. காரணம் எதுவும் குறிப்பிடவில்லை. கட்டுரை சுருங்கியதாலா, அந்த ஒரு வரியாலா, அல்லது வேறு பிள்ளைகள் இன்னும் நன்றாகச் செய்திருந்தார்களா? யாரிடம் கேட்பது?

இப்போது கிணற்றை அவள்தான் அளக்கிறாள். அடுத்த வருஷம் வேறு எங்காவது அனுப்பலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறாராம். புது நோட்டு, புதுக் கயிறு. கயிறு மாற்றிய தேதி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. போன மாதம் மூன்று நாள் அவளுக்குக் காய்ச்சல். முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. கொல்லைக் கதவைத் திறந்து கயிற்றை எடுத்தேன். பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வேணாம்ப்பா. வெச்சிடுங்க."

ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அந்த வாரம் நோட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. மூன்று கட்டங்களிலும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் "அளக்கவில்லை" என்று எழுதியிருந்தாள்.