என் லேப்டாப்பை ஊமையாக்கிவிட்டார்!

எனக்குப் பார்வை கிடையாது. தாம்பரத்தில் குடியிருந்து, கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்தான் என் லேப்டாப்புக்கு உயிர். போன வருஷம் அந்தக் குரல் திக்க ஆரம்பித்தது. கணவரோடு ஸ்டேஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

"குரல் விட்டு விட்டு வருது. சவுண்டு டிரைவரைப் பாருங்க" என்று சொன்னது நான். கடைக்காரரோ என் கணவரிடம், "மேடத்துக்கு வேற என்ன கம்ப்ளெய்ன்ட் சார்?" என்றார். பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் வாங்கிவந்து வீட்டில் போட்டால் சத்தமே இல்லை. காலை வகுப்புக்கான குறிப்பெல்லாம் அதற்குள்தான். திரும்ப ஓடினோம்.

"போட்டதும் அதுவா பேசிக்கினே இருந்துச்சு சார், ஒரே பேஜாரு. வைரஸ்னு அழிச்சுட்டேன். இப்ப பாருங்க, படம் பளிச்சுனு கீது!" என்றார், அப்போதும் என் கணவரிடமே.

"யாருங்க பாக்கணும்?" என்று சத்தம் போட்டேன். கண் தெரியாதவள் கொடுத்த லேப்டாப் எதற்காகப் பேசுகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

நல்லவேளை, ஸ்கிரீன் ரீடரின் நகல் வீட்டில் ஒரு பென் டிரைவில் இருந்தது. கணவர் திரையைப் படித்துச் சொல்ல, நானே மறுபடி ஏற்றினேன். சவுண்டு டிரைவரையும் புதிதாகப் போட்டதும் திக்கல் நின்றது.

இப்போதெல்லாம் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் திரையின் வெளிச்சத்தை முழுவதும் குறைத்துவிடுகிறேன்.

"ஒண்ணுமே தெரியலையே மேடம்!" என்று என்னிடமே பதறுகிறார்கள்.

"எனக்கும்தான். காது கேக்குதுல்ல? வேலையைப் பாருங்க" என்கிறேன்.