விற்க முடியாத நல்ல கிருமி

நாமக்கல்லில் கோழித்தீவனத்தில் கலக்கும் நன்மை பாக்டீரியாவைத் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கோடையில் திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணைக்குப் பண்ணை கோழிகளுக்குக் கழிச்சல். ஒரு அம்மாவின் கோழிகள் மட்டும் தெளிவாக நின்றன. அவற்றின் எச்சத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன்.

அது சூடு தாங்கியது, பித்தநீர் தாங்கியது, கழிச்சல் கிருமியைச் சோதனைத் தட்டில் கிட்டவே அண்டவிடவில்லை. முதலாளி விற்பனைப் பையில் அச்சிடப் படம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். விற்பனைக்கு முன் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துவிட வேண்டும் என்று டிஎன்ஏவைப் பெங்களூருக்கு அனுப்பினேன்.

வந்த முடிவைத் தெரிந்த மரபணுக்களோடு கணினியில் ஒப்பிட்டபோது ஒரு மரபணு சிக்கியது. மற்ற மருந்துகள் கேட்காதபோது மருத்துவமனையில் கடைசியாகக் கொடுக்கும் மருந்து ஒன்றை முறியடிக்கும் மரபணு. அதுவும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. அந்த மருந்தை நாங்கள் அதுவரை சோதித்ததில்லை. சோதித்தேன். தட்டில் வைத்த மருந்து வில்லையை ஒட்டியே பாக்டீரியா செழித்திருந்தது; மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை.

"கோழிக்குத்தானுங்க போடறோம்?" என்றார் முதலாளி.

"கோழி எரு வெள்ளாமைக் காட்டுக்கு உரமாப் போகுதுங்க சார். அள்ளறவங்க கையிலயும் ஒட்டுமுங்க."

பைக்குத் தேர்ந்தெடுத்த படத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார். "அப்ப வேண்டாம், உடுங்க."

பண்ணைக்கார அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். தன் கோழியிலிருந்து எடுத்தது ஊரெல்லாம் போகப்போகிறதென்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, எங்கூட்டுக்காரருக்குக் கால் புண்ணுக்கு எந்த ஊசியும் கேக்கலீன்னு சேலத்து ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, அது இதுனாலீங்களா?" என்றார். அவர் கணவர் அந்தப் புண் ஆறாமலே இறந்தவர்.

"தெரியலீங்கம்மா. அந்தப் புண்ணுல இருந்த கிருமியை யாரும் இப்படிப் படிச்சுப் பாக்கலீங்க. இதுனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லீன்னும் சொல்ல முடியாது."

அவர் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "கோழித் தண்ணியில கலக்கற மருந்தெல்லாம் நாந்தான் கடையில கேட்டு வாங்கியாருவேன்" என்றார். அடிக்கடி கொடுக்கும் மருந்துக்குத்தான் கிருமி இப்படிப் பழகிக்கொள்ளும் என்று சற்றுமுன் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நாங்கள் விற்பது வேறொரு பண்ணையில் கிடைத்த பாக்டீரியா. மெதுவாகத்தான் வளரும். ஆனால் அதன் மரபணுக்களில் கவலைப்பட ஏதும் இல்லை. அந்த அம்மாவும் அதைத்தான் வாங்குகிறார். கோழி சுணங்கினால் கடைக்குப் போகுமுன் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிடுகிறார். அவர் எடுக்காவிட்டால் எனக்கு.